கடமை வாயிலோடு முடிவதா?

பொழுது புலருமுன் மடவளைக் கடைவீதியிற் பேருந்துக்குக் காத்து நிற்போரைப் பாருங்கள். வேலைக்குச் செல்வோரிடையே நோயாளரும் நிற்பர். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாந்த மருந்து பெறுவதற்காகக் கண்டி தேசிய வைத்தியசாலையின் கிளினிக்குக்குப் புறப்பட்டவர்கள் அவர்கள். மெனிக்ஹின்னவிலும் வத்துகாமத்திலும் கட்டுகஸ்தோட்டையிலும் பிரதேச வைத்தியசாலைகள் உண்டு. அங்கும் கட்டணம் இல்லை. இருந்தும் அருகிலுள்ள வாயிலைக் கடந்து தொலைவிலுள்ள வாயிலை மக்கள் நாடுகின்றனர். கமக்காரனுக்கு ஒரு நாள் வேலை கெடுகின்றது. தோட்டத் தொழிலாளிக்கு ஒரு நாட் பேர் போகின்றது. இதனை அறியாமை என்று ஏசுவோர் உளர். நாம் ஏசமாட்டோம். நிபுணரும் ஆய்வுகூடமும் எங்கே உண்டோ அங்கே செல்வதுதான் உயிருக்கு அஞ்சியவனின் நியாயம்.

ஆனால், பெரிய வைத்தியசாலை ஒன்று அண்மையில் இருப்பதனாற் சிறிய வைத்தியசாலை உயர்வதா, தாழ்வதா என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

பேராதனையில் 1962இல் மருத்துவ பீடம் தோன்றியது. 1980இற் பேராதனை போதனா வைத்தியசாலை திறக்கப்பட்டது. கண்டியிலும் பேராதனையிலும் நோயாளர் விடுதிகளிற் கற்றுத் தேறியவர்களிற் பலர் இன்று சுற்றுவட்டார வைத்தியசாலைகளிற் கடமை புரிகின்றனர். அவர்கள் கற்ற நல்ல பழக்கங்கள் அவர்களுடனேயே வந்து நம் கிராமத்தவர்க்கும் பயன் தருகின்றன. அந்த நன்மையை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், எல்லாப் பரிசோதனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இடத்திற் பயின்ற இளம் வைத்தியர், அவற்றிற் பல இல்லாத இடத்துக்கு அனுப்பப்பட்டால் என் செய்வார்? ஐயம் தோன்றியதும் ‘கண்டிக்குச் செல்க’ என்று துண்டு எழுதுவார். குற்றம் அவருடையதன்று. குறைந்த வசதியோடு நிறைந்த சிகிச்சை அளிக்கும் கலையை எவரும் அவருக்குக் கற்பிக்கவில்லை.

எல்லாச் சுமையையும் ஒரே தூணில் ஏற்றுவதன் ஆபத்தை 2022 மார்ச் இறுதியிற் கண்டோம். மருந்துத் தட்டுப்பாட்டினாற் பேராதனை போதனா வைத்தியசாலையில் முன்கூட்டியே திகதி குறித்த சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. தலைமை நிலையம் தடுமாறினால் அதனையே நம்பிய சுற்றுப்புறம் முழுவதும் தடுமாறாதோ?

இப்பிரிவினையின் வேர் சட்டத்தில் இருக்கின்றது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் பொது வைத்தியசாலைகளையும் கிராமிய வைத்தியசாலைகளையும் மகப்பேற்று மனைகளையும் மருந்தகங்களையும் மாகாணங்களிடம் ஒப்படைத்தது. போதனா வைத்தியசாலைகளை அப்பட்டியலினின்றும் விலக்கியது. எனவே நிபுணரும் பெரும் கருவிகளும் மத்திய அமைச்சின் கையில். மெனிக்ஹின்னவும் வத்துகாமமும் மாகாணத்தின் கையில். மத்திய மாகாண சபையின் ஆயுளோ 2018இல் முடிந்தது. அதன் பின்னர் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. கோபுரம் ஒருவரிடம், அத்திவாரம் வேறொருவரிடம். அத்திவாரத்துக்காகக் குரல் கொடுக்க மக்கள் பிரதிநிதியும் இல்லை!

1920இற் பிரித்தானியாவில் டோசன் பிரபுவின் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. ஊர்தோறும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், அவற்றுக்கு மேல் இரண்டாம் நிலை நிலையங்கள், இவற்றோடு பிணைந்த போதனா வைத்தியசாலை என ஒரே சங்கிலியை அது வரைந்தது. ஒரு நூற்றாண்டின் முன் பிறர் வரைந்த சங்கிலியை இங்கு சட்டமே அறுத்து வைத்திருக்கின்றது.

சட்டத்தைத் திருத்தும் வரை கைகட்டி நிற்க வேண்டுமா? வேண்டியதில்லை. அமைச்சும் மாகாணமும் ஓர் உடன்படிக்கை செய்து கொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆதலின் நாம் கேட்பவை இவை:

முதலாவது, போதனா வைத்தியசாலையின் நிபுணர் குறித்த நாட்களிற் பிரதேச வைத்தியசாலைக்கு வந்து கிளினிக் நடத்த வேண்டும். இரண்டாவது, மருத்துவ மாணவரின் பயிற்சியில் ஒரு பகுதி அங்கேயே நிகழ வேண்டும். மூன்றாவது, வீடு திரும்பும் நோயாளியைப் பற்றிய குறிப்பு அவரது ஊர் வைத்தியசாலைக்கு நேரே செல்ல வேண்டும். அவருக்கு எழுதிய மருந்து அங்கே கிடைக்கவும் வேண்டும். நான்காவது, நோயாளி கையில் ஏந்திச் செல்லும் அட்டை ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது. மருந்துண்ணும் முறையேனும் அவர் தாய்மொழியில் அமைய வேண்டும். தமிழையும் அரசகரும மொழியாக்கியது அதே 13ஆவது திருத்தந்தான் என்பதை ஆட்சியாளருக்கு நினைவூட்டுகின்றோம்.

இவற்றுக்குப் புதிய மாளிகைகள் தேவையில்லை. மனமும் ஒழுங்கும் போதும். இவ்வூர்களின் சங்கங்களும் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் கமக்காரரும் ஒன்றுகூடி, இக்கோரிக்கைகளை எழுத்தில் அமைத்து, அமைச்சுக்கும் மாகாண ஆளுநருக்கும் அனுப்ப முன்வர வேண்டும்.

போதனா வைத்தியசாலையின் பெருமை அதன் மாடிகளின் எண்ணிக்கையில் இல்லை. அதன் அயலிலுள்ள நோயாளி தன் ஊரிலேயே நம்பிக்கையோடு மருந்து பெறும் நாளிலேதான் அது தன் கடமையைச் செய்ததாகும்.