கோழிக்கு யார் ஊசி போடுகிறார்கள்?

பிராய்லர் கோழியை ஹார்மோன் ஊசி போட்டு வளர்ப்பதில்லை. இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும், கறிக்கோழிக் கம்பெனியின் ஏஜென்ட்டைப் பார்ப்பதுபோல நம்மைப் பார்ப்பார்கள். "நாப்பது நாள்ல ரெண்டு கிலோ எப்படிங்க வரும்? பொம்பளப் புள்ளைங்க ஏன் இவ்வளவு சீக்கிரம் வயசுக்கு வருது?" என்று இரண்டு கேள்விகள் கையோடு வரும். படித்தவர், படிக்காதவர் என்ற பேதமெல்லாம் இந்த விஷயத்தில் கிடையாது.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். பல்லடம் பக்கம் ஏதாவதொரு ஒப்பந்தப் பண்ணைக்குள் நுழைந்து பாருங்கள். ஆயிரக்கணக்கில் குஞ்சுகள் நிற்கும் கொட்டகை. தரையில் தேங்காய் நார்க்கழிவு. வரிசையாகத் தொங்கும் தீவனத் தட்டுகள். நிப்பிள் வைத்த தண்ணீர்க் குழாய். இத்தனைக்கும் ஆள் யார் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு கணவனும் மனைவியும். குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் கம்பெனியுடையது. கொட்டகையும் கரண்டும் உழைப்பும் பண்ணைக்காரருடையது. கிலோவுக்குச் சில ரூபாய் வளர்ப்புக் கூலி. வளர்ச்சி ஹார்மோனை ஒரு தடவை போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது, திரும்பத் திரும்பப் போட வேண்டும். அத்தனை கோழியையும் ஒவ்வொன்றாகப் பிடித்துக் குத்துவதற்கு அந்தக் கூலியில் யாருக்குக் கட்டுப்படியாகும்? தீவனத்தில் கலந்துவிடலாமே என்பார்கள். அந்த ஹார்மோன் ஒரு புரதம். இரைப்பைக்குள் போனால் பருப்பு செரிப்பதுபோலச் செரித்துவிடும். வீட்டில் சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெரியவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அதை ஏன் மாத்திரையாக விழுங்குவதில்லை என்று.

பிறகு எப்படித்தான் பெருக்கிறது? இனத்தால். வேகமாகச் சதை பிடிப்பதை மட்டும் தேர்ந்தெடுத்து, அதன் வாரிசில் மறுபடி தேர்ந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை இது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் கோழி வகைகளைக் குஞ்சிலிருந்து ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். 56-ஆம் நாளில் முதலாவது சுமார் 900 கிராம், இரண்டாவது 1.8 கிலோ, மூன்றாவது 4.2 கிலோ. ஊசி கிடையாது, மாறியது வம்சம் மட்டும்தான். அந்த வம்சத்தின் கால் அந்த உடம்பைத் தாங்காமல் வளைவதும், இதயம் ஈடுகொடுக்க முடியாமல் வயிற்றில் நீர் கோத்துச் சாவதும் நிஜம். கோபப்பட வேண்டுமென்றால் அதற்குப் படலாம்.

வதந்திக்கு ஒரு விதையும் உண்டு. 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் டை எத்தில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோனைச் சேவல்களின் தோலுக்கடியில் வைத்துக் கொழுக்க வைத்தார்கள். 1959-இல் கோழிக்கு அது நிறுத்தப்பட்டது. நம்மூர்ப் பண்ணையில் நாம் பார்ப்பது வெள்ளைக்கழிச்சலுக்கும் கம்போரோ நோய்க்கும் போடும் தடுப்பு மருந்து. அதிலும் முக்கால்வாசி கண்ணில் விடும் சொட்டு அல்லது குடிதண்ணீரில் கலப்பது.

வயதுக்கு வரும் விஷயம் இன்னும் மோசம். ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பதினாறு வயதை ஒட்டி இருந்த பருவமெய்தும் வயது, 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் பதின்மூன்றை ஒட்டி வந்துவிட்டது. பிராய்லர் சாப்பாட்டுத் தட்டுக்கு வருவதற்கு முன்பே நடந்த இறக்கம் அது. வயிறார உணவு, குறைந்த நோய், கூடிய உடல் எடை எல்லாம் அதன் பின்னால் இருக்கின்றன. எட்டு வயதுக்குள் அறிகுறி தெரிகிற பெண்குழந்தையை மருத்துவரிடம் காட்டாமல், கோழியை நிறுத்திவிட்டு நிம்மதியாக இருக்கும் வீடுகளை நினைத்தால்தான் எனக்கு எரிச்சல் வருகிறது.

இந்தப் பயத்தால் லாபம் யாருக்கு? 'ஹார்மோன் இல்லாதது' என்று அச்சடித்த பாக்கெட்டைக் கூடுதல் விலைக்கு விற்பவருக்கு. எந்தக் கோழியிலும் போடாததைத் தன் கோழியில் இல்லை என்று சொல்ல அவருக்கு ஒரு பைசா செலவில்லை. அடுத்து, கொட்டகையில் அடைத்துக் கம்பெனித் தீவனம் போட்டு வளர்த்த கலப்பினத்தை மஞ்சள் தடவி, தீயில் வாட்டி, 'நாட்டுக்கோழி' என்று கொடுப்பவருக்கு. எல்லாரையும்விடப் பெரிய லாபம் கறிக்கோழித் தொழிலுக்கு. பொய்க் குற்றச்சாட்டை மறுப்பதைப்போலச் சுலபமான வேலை உண்டா? "ஹார்மோன் போடுவதில்லை" என்று அவர்கள் நெஞ்சில் கைவைத்துச் சொல்லும்போது, ஆன்டிபயாடிக் பற்றிக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

கேட்க வேண்டியது அதைத்தான். டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-இல் அந்த வட்டாரத்தில் வாங்கிப் பரிசோதித்த 70 கோழிக்கறி மாதிரிகளில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. கோலிஸ்டின் என்று ஒரு மருந்து. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறெதற்கும் அடங்காத தொற்றுக்குக் கடைசியாகக் கையில் எடுப்பது. அதைக் கோழி பெருக்கத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு தடை போட்டது. வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதையே ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் முழுதாக நிறுத்திவிட்டது. இங்கே சைவம் என்று மார்தட்டுபவருக்கும் தப்ப வழியில்லை: மருந்துக்கு மசியாமல் பழகிய கிருமி, கோழி எருவோடு வயலுக்கும் தண்ணீருக்கும் போகிறது. கறியைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். மருந்தின் எச்சம் முழுக்கப் போய்விடும் என்று சொல்ல முடியாது.

கடையின் அசுத்தம் தனி. 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டத்துச் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி இறந்தபோது கண்டுபிடிக்கப்பட்டது ஷிகெல்லா பாக்டீரியா. அசுத்தமான கையிலும் தண்ணீரிலும் பரவுகிற கிருமி அது. கோழி வெட்டிய பலகையிலேயே வெங்காயம் நறுக்குவதும், பச்சைக்கறியைக் குழாயடியில் தண்ணீர் தெறிக்கத் தெறிக்கக் கழுவுவதும் நம் வீட்டு அடுக்களையிலும் நடப்பதுதான். அதைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டும் வந்து நான் பார்த்ததில்லை. பிளாஸ்டிக் முட்டை பற்றி மட்டும் வருஷா வருஷம் வரும்.

கறிக்கடைக்காரரிடம் "ஊசி போட்டதா?" என்று கேட்டால் சிரிப்பார். "இந்த லாட்டுக்குக் கடைசியாக என்ன மருந்து கொடுத்தார்கள், பிடிப்பதற்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்தினார்கள்?" என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. ராத்திரி லாரியில் கூண்டு இறக்குகிறவருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டே பேர்: பண்ணைக்காரரும், பார்த்துவிட்டுப் போகும் கம்பெனி சூப்பர்வைசரும். செத்த கோழிக் கணக்கு, தீவன மூட்டைக் கணக்கு, கொடுத்த மருந்து என்று அன்றாடம் குறிக்கும் அட்டை கொட்டகையிலேயே தொங்குகிறது. அதன் நகல் ஒன்று லாரியோடு கடை வரைக்கும் வர வேண்டும். அதைக் கேட்டு வாங்க உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் மாவட்டந்தோறும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதிகாரம் கொடுக்கும் சட்டம் 2006-லிருந்து இருக்கிறது.