போகிப் புகையில் ஓட்டம் இல்லை; வீசிங்குக்காக ஓட்டத்தை நிறுத்துவதும் இல்லை

சிறுசேரி, நாவலூர், கேளம்பாக்கம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நெடுந்தூர ஓட்டம் பயிற்றுவிக்கும் மன்றம் எங்களுடையது. ஆஸ்துமா உள்ள இளம் வீரர்கள் குறித்த எங்கள் நிலைப்பாட்டை மார்கழிப் பயிற்சி தொடங்கும் முன்பே அறிவிக்கிறோம்.

ஆஸ்துமாவைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் அணியிலிருந்து நீக்க மாட்டோம். நார்வே, ஸ்வீடன் பனிச்சறுக்கு நெடுந்தூர வீரர்களிடையே ஆஸ்துமா சர்வசாதாரணம். உறைகுளிர்க் காற்றை வருடக்கணக்கில் வாய்வழியே இழுத்து, மூச்சுக்குழாயின் உட்படலம் காய்ந்து புண்படுகிறது. ஆனாலும் ஒலிம்பிக் பதக்கம் வாங்குகிறார்கள். பாதையின் மிகக் குளிர்ந்த இடத்தில் மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போனால் போட்டி நடத்தக் கூடாது என்று அவர்களின் சர்வதேசச் சம்மேளனம் ஓர் எல்லையும் வைத்திருக்கிறது.

நமக்குக் குளிர் ஒரு பொருட்டல்ல. நம் பிரச்சினை புகை. அதற்கு எல்லையே கிடையாது. 2018 போகியன்று புகைமூட்டத்தில் சென்னை விமானங்களே இறங்க முடியாமல் திரும்பின. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தது. இத்தகைய காலையில் பத்து கிலோமீட்டர் ஓடவிடுவதைப் பயிற்சி என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

ஆகவே எல்லையை நாங்களே போடுகிறோம். வேளச்சேரி, பெருங்குடி நிலையங்களின் காற்றுத்தரக் குறியீடு 200-ஐத் தாண்டினால் வெளியே ஓட்டம் இல்லை. 100-க்கு மேல் என்றால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இலகு பயிற்சி மட்டும். அந்த எண் 24 மணி நேரச் சராசரி என்பதால் விடியற்காலைப் புகையை அது தாமதமாகவே காட்டும். போகியன்று எண்ணைப் பார்க்கவே வேண்டாம், பயிற்சி கிடையாது.

பயிற்சியாளர்களுக்கு: ஓடி நின்ற சில நிமிடங்களில் இருமலும் இழுப்பும் கூடினால் ஆஸ்துமாவைச் சந்தேகியுங்கள். உச்ச வேகத்தில், மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் சத்தம் வந்து, நின்றதும் அடங்கினால் அது குரல்வளைச் சிக்கலாக இருக்கலாம். அதற்கு இன்ஹேலர் உதவாது. ஊகிப்பதைவிடச் சோதிப்பதே மேல். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமெட்ரி எடுத்து, முதல் விநாடியில் ஊதும் காற்று 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். 1928-ல் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியம் இன்று அரசு நெஞ்சக மருத்துவமனை. அங்கே இந்தச் சோதனைக்காக இளம் வீரர்களுக்கென மாதம் ஒரு நாள் ஒதுக்கும்படி சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

பெற்றோருக்கு ஒன்று. "பஃப் பழகினால் விட முடியாது" என்று பயந்து மாத்திரை, சிரப் கொடுக்கும் வழக்கம் இங்கே ஆழமாக ஊறியிருக்கிறது. மருத்துவமும் விளையாட்டு விதியும் இதில் ஒரே பக்கம், இன்ஹேலரின் பக்கம். விளையாட்டு விதிப்படி, இன்ஹேலரில் சால்பியூட்டமால் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை, எந்த 8 மணி நேரத்திலும் 600-ஐத் தாண்டாமல் எடுக்கலாம். அதையே வாய்வழி விழுங்கினால் ஊக்கமருந்துத் தடை. இருமல் சிரப்புகள் பலவற்றில் உள்ள டெர்பியூட்டலினுக்கு முன்அனுமதி வேண்டும். நார்வேயின் பனிச்சறுக்கு வீரர் மார்ட்டின் ஸுண்ட்பி, நெபுலைசரில் சால்பியூட்டமால் அளவு மீறியதால் 2016-ல் இரண்டு மாதத் தடை பெற்று, பட்டங்களையும் இழந்தார். மருத்துவர் எழுதித் தரும் தடுப்பு இன்ஹேலரை அன்றாடம் எடுக்க வேண்டும். வீசிங் வந்தபின் மட்டும் பஃப் அடிப்பது போதாது. நிவாரண இன்ஹேலர் வீட்டு அலமாரியில் அல்ல, பயிற்சியாளரின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

புகை நாளில் நடக்கும் எந்தப் போட்டிக்கும் எங்கள் அணி வராது. கட்டிய நுழைவுக் கட்டணம் போனால் போகட்டும்.