பேர் அவங்களுக்கு மட்டும்தான் சொத்தா?



விளைய வைத்தால் மட்டும் போதாது, நாமே விற்றால்தான் நாலு காசு மிஞ்சும் என்று பல ஊர்களில் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து செக்கு எண்ணெய் ஆட்டுகிறார்கள், மஞ்சள் அரைக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் விற்க இறங்கினால் நோட்டீஸ் அடிக்கணும், பிளெக்ஸ் கட்டணும். "இன்ன கம்பெனி எண்ணெயைவிட எங்க எண்ணெய் சுத்தம்" என்று அந்தக் கம்பெனி பேரையும் முத்திரையையும் போட்டு அடித்தால் என்ன ஆகும்? யோசிக்க வேண்டிய விஷயம்.

1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டம் 29ஆம் பிரிவு என்ன சொல்கிறது? பதிவான ஒரு பேரை விளம்பரத்தில் இழுத்து, அதன் மதிப்பில் நாம் நியாயமில்லாமல் ஆதாயம் தேடினாலோ, அந்தப் பேரைக் கெடுத்தாலோ அது உரிமை மீறல். 30ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: நேர்மையான வியாபார வழக்கப்படி அந்தப் பேரைச் சொன்னால் குற்றமில்லை. அதாவது, உள்ளதை உள்ளபடி ஒப்பிட்டுச் சொல்லலாம்.

சட்டப் புத்தகத்தில் இப்படி. நடப்பில் எப்படி? கேளுங்கள்.

குஜராத்தில் பால் ஊற்றும் லட்சக்கணக்கான விவசாயிகளின் கூட்டுறவுதான் அமுல். 2017இல் டி.வி.யில் ஒரு விளம்பரம் போட்டார்கள். ஐஸ்கிரீம் பாலில் செய்வது, 'ஃப்ரோசன் டெசர்ட்' வனஸ்பதியில் செய்வது, பார்த்து வாங்குங்கள் என்றார்கள். எந்தக் கம்பெனி பேரையும் சொல்லவில்லை. ஆனாலும் இந்துஸ்தான் யூனிலீவர் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. "நாங்க போடுறது தாவர எண்ணெய், வனஸ்பதி இல்லை. எங்க சரக்கைத்தான் மட்டம் தட்டுறாங்க" என்று வாதாடியது. 2017 ஜூனில் அந்த விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. பால் கொழுப்பு வேறு, தாவர எண்ணெய் வேறு என்பது நிஜம். உணவுச் சட்டமே அப்படித்தான் பிரிக்கிறது. ஆனால் வனஸ்பதி என்ற ஒற்றைச் சொல் எதிராளி கையில் பிடியாகச் சிக்கிவிட்டது. பேர் சொல்லாத விளம்பரத்துக்கே இந்த கதி. அமுல் பெரிய கூட்டுறவு, வக்கீல் வைத்துத் தாங்கும். நம்ம குழு தாங்குமா? அதனால் அடுத்தவன் முத்திரையை நம் நோட்டீஸில் போட வேண்டாம். அவன் பாட்டிலில் நம் எண்ணெயை ஊற்றி விற்கவே வேண்டாம், அது ஜெயில் வரை கொண்டுபோகும். எந்த ஊர்க் கடலை, எந்தச் செக்கு, என்றைக்கு ஆட்டியது என்று நம்ம சரக்கின் நிஜத்தைச் சொன்னாலே போதும்.

சரி, அவங்க பேரை நாம் தொடக் கூடாது. நம்ம பேரை அவங்க தொடலாமா?

ஏர் ஓட்டும் விவசாயி படத்தைப் பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள். நம்ம ஊர்ப் பேரைப் போட்டும் விற்கலாமா? கூடாது என்கிறது இன்னொரு சட்டம். அதுதான் 2003 முதல் நடைமுறையில் உள்ள புவிசார் குறியீட்டுச் சட்டம். மதுரை மல்லிக்கு 2013இல், ஈரோடு மஞ்சளுக்கு 2019இல், இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் குறியீடு கிடைத்தது. எங்கேயோ விளைந்த மஞ்சளை 'ஈரோடு மஞ்சள்' என்று விற்றால் வழக்குப் போடலாம்.

யார் போடலாம்? பேரைப் பதிவு செய்தவரும், 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று பதிந்துகொண்டவரும்தான். ஈரோடு மஞ்சளுக்கு விண்ணப்பம் போட்டது யார் தெரியுமா? மஞ்சள் வணிகர்கள், கிடங்கு உரிமையாளர்கள் சங்கம். விளைய வைத்தவன் தனியாகப் பதிந்துகொள்ளாவிட்டால் தன் ஊர்ப் பேருக்கே அவனுக்கு உரிமை கிடையாது! இது என்ன நியாயம்?

பயனாளர் பதிவுக் கட்டணத்தை 2020இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தார்கள். கட்டணத்தைக் குறைத்தால் ஆச்சா? எந்தப் பாரம், யார் நிரப்பித் தருவார், எங்கே கொடுப்பது என்று உங்கள் ஊருக்கு யாராவது வந்து சொன்னார்களா? பூச்சிமருந்து விற்க வருகிறவனுக்கு வழி தெரிகிறது, இந்தப் பாரத்துக்கு மட்டும் வழி தெரியவில்லையா?

கம்பெனிக்காரன் பேர் சொத்து என்றால், பாடுபடுகிறவன் ஊர்ப் பேரும் சொத்துதான். அதனால் கேட்கிறோம்:

1. குறியீடு பெற்ற பயிரை விளைவிக்கும் ஒவ்வொரு விவசாயியையும் பயனாளராகப் பதிய, அரசே ஊர் ஊராக முகாம் நடத்து!

2. பொய்யாக ஊர்ப் பேர் போட்டு விற்கும் பாக்கெட்டுகளைச் சோதனை செய்து வழக்குப் போடு!

3. உண்மையைச் சொல்லி விற்கும் உழவர் குழுக்களுக்குக் கம்பெனி நோட்டீஸ் வந்தால் இலவச வக்கீல் கொடு!

வக்கீல் நோட்டீஸ் வந்தால் பயந்து செக்கை நிறுத்தாதீர்கள். நோட்டீஸ் என்பது தீர்ப்பு அல்ல. சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்.

விதைத்தவனுக்கே விளைச்சல்! விளைவித்தவனுக்கே பேர்!