இரண்டு அணிந்தால் இரட்டிப்பா?

படிக்கிற பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு என்று கேட்பவர்கள் நம் கல்லூரியிலும் உண்டு, நம் வீடுகளிலும் உண்டு. கைப்பேசித் திரையில் கண் பதித்து இரவைப் பகலாக்கும் நண்பர்களுக்காக வாதாட நான் இங்கே வரவில்லை. ஆனால் அந்த வீடியோ விளையாட்டுகளில் ஒரு கேள்வி நாள்தோறும் கேட்கப்படுகிறது. வகுப்பறையில் நாம் அதைக் கேட்பதில்லை. வேலைத்தலங்களிலும் கேட்கக் காணோம். ஒரே பயனைத் தரும் பொருள்கள் இரண்டை ஒருவன் அணிந்துகொண்டால் பயன் இரட்டிப்பாகுமா என்பதே அந்தக் கேள்வி.

விளையாட்டறியாத பேராசிரியப் பெருமக்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். 'மைன்கிராஃப்ட்' விளையாட்டில் தலை, மார்பு, கால், பாதம் என நான்கு இடங்களுக்குக் கவசம் உண்டு. ஒவ்வொன்றிலும் பாதுகாப்பு மந்திரம் ஏற்றலாம். மந்திரத்தின் ஒரு படி 4 விழுக்காடு சேதத்தைக் குறைக்கும். நான்கு கவசங்களிலும் நான்கு படி ஏற்றினால் 64 விழுக்காடு. வெறும் கூட்டல்தான். ஆனால் என்ன செய்தாலும் மந்திரத்தின் பலன் 80ஐத் தாண்டாது. தாண்ட விட்டால் சாகாவரம் பெற்றவர்கள் பெருகிவிடுவார்கள் அல்லவா?

'டோட்டா 2' விளையாட்டில் கணக்கு வேறு. அடியிலிருந்து தப்ப 35 விழுக்காடு வாய்ப்புத் தரும் பொருள் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதில் இரண்டு வைத்திருந்தால் 70 ஆகிவிடாது. முதற்பொருள் விட்டுவைத்த 65இல்தான் இரண்டாவது தன் கைவரிசையைக் காட்டும். 65இல் 35 விழுக்காடு 22.75, ஆக மொத்தம் 57.75. அதே விளையாட்டில் இரண்டு ஜோடிக் காலணி வாங்கினாலோ இரண்டாவது ஜோடி வேகத்தில் எதையுமே சேர்ப்பதில்லை. 2021இல் நம் நாட்டில் வெளிவந்த 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா'வில் இரண்டு தலைக்கவசங்களை ஒன்றாக அணியவே முடியாது. அந்த ஒன்றிலாவது அது நிஜ வாழ்க்கையைப் போல இருக்கிறது!

இந்த விதிகள் எல்லாம் எல்லா விளையாட்டிலும் எழுதிவைக்கப்பட்டிருப்பதில்லை. ஆடுகிறவர்களே கண்டுபிடிக்கிறார்கள். ஒருவன் கவசமின்றி நிற்பான், மற்றவன் அடிப்பான், உயிர் எவ்வளவு குறைந்தது என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு ஒரு கவசத்தோடு, பிறகு இரண்டோடு. மற்றவற்றை மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்று நம் இயற்பியல் செய்முறை வகுப்பில் சொல்வது வேறென்ன?

நம் நெய்வேலிக்கு வருவோம். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. 1961இல் நிலக்கரி கண்ணில் படுவதற்கு முன்பே அந்த நீரை அடக்க வேண்டியிருந்தது. இன்றும் குழாய்க் கிணறுகள் இரவு பகலாக இறைக்கின்றன. ஒவ்வொரு கிணறும் தன்னைச் சுற்றிலும் நீர்மட்டத்தைக் கீழே இழுக்கிறது. பக்கத்துக் கிணறு இழுத்ததும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. அழுத்தத்தில் அடைபட்ட நீருக்கு இது ஏறக்குறைய நேர்க் கூட்டல். சுரங்கத்துக்கு அந்தக் கூட்டல்தான் உயிர். அதே நீரோட்டத்தில் ஆழ்குழாய் இறக்கியிருக்கும் உழவனுக்கும் அதே கூட்டல்தான், ஆனால் அவன் மோட்டாரை இன்னும் ஆழத்தில் இறக்க வேண்டியிருக்கிறது.

சுரங்கத்துக் கன்வேயர் பெல்ட்டுகள் இன்னொரு வகை. ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் வரிசையில் ஒரு பெல்ட் நின்றால் அதற்குச் சரக்கைக் கொட்டும் பெல்ட்டுகளும் நின்றாக வேண்டும். ஒவ்வொன்றும் 100 மணியில் 95 மணி ஓடும் என்று வைத்துக்கொண்டால், நான்கு சேர்ந்த வரிசை சுமார் 81 மணிதான் ஓடும். 'டோட்டா'வின் பெருக்கல் கணக்கு இங்கே தலைகீழாக நிற்கிறது.

ஆனால் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியவை பம்புகளோ பெல்ட்டுகளோ அல்ல. மனிதன் உடம்பில் அணிகிற பொருள்களைப் பற்றித்தான் நான் பெரிதும் எண்ணிப் பார்க்கிறேன்.

பேரிரைச்சலில் வேலை செய்பவர் காதுக்குள் அடைப்பானும் வெளியே காதுமூடியும் ஆக இரண்டு அணியலாம். ஒன்றின் மதிப்பீடு 29 டெசிபல், மற்றதன் மதிப்பீடு 25 என்றால் கூட்டுத்தொகை 54 என்று நம் மனம் உடனே கணக்குப் போடும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறையான 'ஓஷா' சொல்லும் வழியோ வேறு. இரண்டில் பெரியதை எடுத்து அதனோடு 5 மட்டும் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது, அதாவது 34. ஏன்? காதின் துளையை எத்தனை முறை அடைத்தாலும் மண்டையோட்டு எலும்பின் வழியாக ஒலி உட்காதை அடைந்துகொண்டுதான் இருக்கும். வாசலுக்கு இரண்டு பூட்டுப் போட்டாலும் கொல்லைக்கதவு திறந்திருக்கிறது.

என் தந்தை ஒப்பந்தத் தொழிலாளி. சாம்பல் தூசு பறக்கும் இடத்தில் அவருக்கு ஷிப்ட் வேலை. கொடுக்கிற முகமூடிக்கு மேல் ஈரிழைத் துண்டையும் கட்டிக்கொள்வார். "ஒண்ணு கட்டினாலே மூச்சு முட்டுது, ரெண்டு கட்டினா எந்தத் தூசி உள்ள வரும்?" என்பது அவர் வாதம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தது நான்தான் முதல். ஆகவே விடை சொல்லும் கடமையும் என்னுடையதாகிறது.

மூச்சு முட்டுவதைப் பாதுகாப்பின் அளவாகக் கொள்ள முடியாது. காற்று எளிய வழியையே தேடும். துணியின் வழி கடினமாகக் கடினமாக, மூக்கின் இருபுறமும் கன்னத்திலும் உள்ள இடுக்கு வழியே கூடுதல் காற்று நுழையும். நுண்ணிய சாம்பலும் அதனோடு நுழையும். அப்படியானால் துண்டு வீணா? அதுவும் இல்லை. கொரோனாக் காலத்தில், 2021 பிப்ரவரியில் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் ஓர் ஆய்வு வெளியிட்டது. மருத்துவ முகமூடியின் மேல் துணி முகமூடியை அணிந்தபோது பாதுகாப்பு நன்றாகவே கூடியது. மேல்துணி ஓரங்களை முகத்தோடு அழுத்தி இடுக்கை மூடியது அதற்கு முக்கியக் காரணம். தூக்கி எறியும் முகமூடிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று போட வேண்டாம் என்றும் அதே மையம் சொன்னது. அதனால் இடுக்கு மூடுவதில்லை. ஆகவே அப்பாவின் துண்டு நன்மையா தீமையா என்பது அதன் மடிப்பில் இல்லை, கட்டும் விதத்தில் இருக்கிறது. தளரத் தொங்கவிட்டால் ஒரு கதை, ஓரத்தை இழுத்துக் கட்டினால் வேறு கதை.

பாதுகாப்பு வாரங்களில் "அணியுங்கள், அணியுங்கள்" என்று சுவரொட்டிகள் முழங்குகின்றன. இரண்டை எப்படிச் சேர்த்து அணிவது, எதனோடு எது சேராது என்று எழுதிய சுவரொட்டி ஒன்றையும் நான் பார்த்ததில்லை. விளையாட்டில் பொம்மை வீரனுக்கு ஒரு கவசம் வாங்குமுன் ஆயிரம் கேள்வி கேட்கிறோம். அவன் செத்தால் அடுத்த ஆட்டத்தில் எழுந்துவிடுவான்.

நம் துறையில் மூன்றாம் ஆண்டுச் செய்திட்டத்துக்குத் தலைப்புக் கேட்கும் காலம் நெருங்குகிறது. முகமூடி மட்டும், துண்டு மட்டும், இரண்டும் தளர்வாக, இரண்டும் இறுக்கமாக என நான்கு நிலைகள். ஒரு பொம்மைத் தலை, காற்றை இழுக்க ஒரு சிறு பம்பு, எடை பார்க்க வடிதாள், ஆய்வகத்துத் தராசு. இவை போதும் என்று எண்ணுகிறேன். ஆசிரியர்கள் அனுமதிக்க வேண்டும். அப்பாவிடம் ஒரு துண்டு கேட்டிருக்கிறேன். பழையதாக ஒன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார்.