தொண்ணூற்றைந்து சதவீதம் என்னும் மயக்கம்

அமிலத்தில் உருக்கு அரிக்கப்படுவதைத் தடுக்கும் சேதனச் சேர்வைகள் பற்றிய கட்டுரைகள் இன்று மலிந்துள்ளன. ஏதோ ஓர் இலையின் சாறு, 1 மூலர் ஐதரோக்குளோரிக்கமிலம், அறை வெப்பநிலை, சில மணி நேரம், முடிவில், 'தடுப்புத் திறன் 95 சதவீதம்'. இலையின் பெயரை மாற்றினால் அடுத்த கட்டுரை ஆயத்தம். இதனை ஆராய்ச்சி என ஏற்றல் தகுமா?

இத்துறையின் அடிப்படையை நாம் மறுக்கவில்லை. நைதரசன், கந்தகம், ஒட்சிசன் ஆகியவற்றின் தனிச்சோடி இலத்திரன்கள் வாயிலாகச் சேதன மூலக்கூறுகள் உலோகப் பரப்பிற் புறத்துறிஞ்சப்பட்டு அமிலத்தின் தாக்கத்தைத் தணிக்கின்றன. 1932இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எண்ணெய்க் கிணற்றினுள் அமிலம் செலுத்தப்பட்டபோது, குழாயைக் காக்கச் சேர்க்கப்பட்டது ஆசனிக்குச் சேர்வையாகும். பின்னர் அதன் இடத்தைப் பிடித்த சேதனச் சேர்வைகளுள் ஒன்றான புரோபாகைல் அற்ககோலும் நஞ்சே. ஆகவே, தீங்கற்ற தடுப்பி வேண்டும் என்னும் கோரிக்கை முற்றிலும் நியாயமானது.

கோரிக்கை நியாயமானது என்பதற்காக விடை போலியாதல் கூடாது. முதலாவதாக, சதவீதம் மயக்கந் தருவது. 95க்கும் 99க்கும் இடையே நான்கு புள்ளிகளே எனத் தோன்றும். எஞ்சும் அரிப்போ ஐந்து மடங்கு வேறுபடும். இரண்டாவதாக, 1 மூலர் அமிலம் ஏறத்தாழ 3.6 சதவீதமே. எண்ணெய்க் கிணறுகளிற் பயன்படுவதோ 15 சதவீத, 28 சதவீத அமிலம்; அங்கு வெப்பநிலை 100 பாகை செல்சியசையும் கடப்பதுண்டு. மூன்றாவதாக, நிறையிழப்புச் சோதனை உருக்கினுட் புகும் ஐதரசனைக் காட்டாது. நிறை குறையாத உருக்கும் நொறுங்கலாம். நான்காவதாக, பரப்பு ஏறக்குறைய முழுவதும் மூடப்பட்டதெனக் கொண்டால் இலாங்மியூர் வரைபு எப்படியும் நேர்கோடாகவே அமையும். அக்கோட்டைப் பொறிமுறைக்குச் சான்றாகக் காட்டுதல் வெறும் சடங்கு.

இலையிற் பிறந்தமையால் ஒன்று நஞ்சற்றதாகிவிடாது; எட்டியும் தாவரமே. சாற்றிலுள்ள எச்சேர்வை செயற்படுகின்றது என்பதைக் கண்டறியாதவர், அது தீங்கற்றது என்று எவ்வாறு கூறலாம்?

செயற்படும் சேர்வையை இனங்காணுங்கள், எஞ்சும் அரிப்பை ஆண்டுக்கு இத்தனை மில்லிமீற்றர் எனக் கூறுங்கள், செறிந்த, சூடான அமிலத்திற் சோதியுங்கள், நச்சுத்தன்மையை அளவிடுங்கள், தோற்ற சாறுகளையும் வெளியிடுங்கள். கட்டுரையின் எண்ணை நம்பிக் குழாயருகே நிற்கப்போகிறவன் ஒரு தொழிலாளி. அவனுக்குப் பதில் சொல்ல இயலாத எண், பட்டத்திற்கு உதவலாம், அறிவியலுக்கு உதவாது.