ஆண்டை அழிக்கும் பனிக்காலப் பேழைகள்

பழைய சரக்கைப் புதுப் பையிலிட்டு விற்பது வணிகர்க்கு என்றுமுள்ள வழக்கம். அதனைக் குற்றமென்று எவரும் சொல்லார். ஆனால், அச்சரக்கு எந்த ஆண்டில் விளைந்தது, விளைவித்தவர் யார், அதில் எப்பகுதி அறுத்தெறியப்பட்டது என்னும் மூன்றையும் மறைத்து விற்பவனை வணிகன் என்பதா, ஏய்ப்பவன் என்பதா? அமெரிக்கப் பட நிறுவனங்கள் பனிக்காலத்தையும் கிறித்துமசையும் சாக்கிட்டு வீடுகள்தோறும் விற்ற இயங்கோவியத் தொகுப்புகள், நாடாப் பேழையாயினும் ஒளிவட்டாயினும், பெரும்பாலும் இவ்வேய்ப்பின் வடிவங்களே.

இத்தொகுப்புகளுள் அடங்கியவை ஏழெட்டு நிமையம் ஓடும் குறும்படங்கள். வரைந்த ஓவியங்களை ஒவ்வொன்றாகப் படம்பிடித்து, உயிருள்ளனபோல் இயங்கச் செய்தவை. வீட்டுக்கென்றோ குழந்தைக்கென்றோ எடுக்கப்பட்டவை அல்ல. திரையரங்குகளில் பெரும்படத்திற்கு முன் எல்லா அகவையினர்க்கும் காட்டப்பட்டவை. திசுனி நிறுவனம் 1982-இல் 'ஒரு வால்ட்டு திசுனி கிறித்துமசு' என்னும் பெயரில் ஒரு நாடாப் பேழையை வெளியிட்டது. அதில் ஆறு படங்கள். அவை வந்த ஆண்டுகள் 1932, 1933, 1935, 1942, 1948, 1952. இருபது ஆண்டுக்காலம்! இடையில் அமெரிக்கா பெரும் பொருளியல் வீழ்ச்சியில் உழன்று எழுந்தது. உலகப் போருக்குள் புகுந்து வெளியேறியது. அத்தனையும் ஒரே பனிப்பொழிவாக ஆக்கப்பட்டு, 'கிறித்துமசு' என்னும் ஒரே முத்திரையின்கீழ் அடக்கப்பட்டது.

ஆறும் கிறித்துமசுப் படங்களா என்றால் அதுவும் இல்லை. 1935-ஆம் ஆண்டுப் படம் உறைந்த ஆற்றின்மேல் சறுக்கி விளையாடுவது. 1948-ஆம் ஆண்டினது, இசைத்துணுக்குகள் பல கோத்த ஒரு முழுநீளப் படத்திலிருந்து பிய்த்தெடுத்த பகுதி. 1942-ஆம் ஆண்டுப் படத்தில் தொனால்டு வாத்தும் அதன் மருமக்கள் மூவரும் பனிக்கட்டியால் அரண் கட்டிப் போரிடுகின்றனர். வாத்தின் அரணோ போர்க்கப்பல் வடிவினது. 1941 திசம்பரில் முத்துத் துறைமுகம் தாக்குண்டு அமெரிக்கா போரில் இறங்கிய சில திங்களுள் வந்த படம் இது. திரையரங்கில் அமர்ந்திருந்தவர்க்கு அது வெறும் பனி விளையாட்டாகவா தோன்றியிருக்கும்? ஆண்டை எடுத்துவிட்டால் வாத்து மிஞ்சும், படம் போய்விடும்.

இதனினும் அழுத்தமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மெட்ரோ கோல்டுவின் மேயர் நிறுவனத்திற்காக இயூ ஆர்மன் ஆக்கிய 'நிலவுலகில் அமைதி' என்னும் படம். கிறித்துமசு இரவு, பனி, கிழ அணில் ஒன்று தன் பேரக்குழந்தைகளைக் காண வருகின்றது. "மாந்தர் என்போர் யார், பாட்டா?" என்று குழந்தைகள் கேட்கின்றன. ஏனெனில் அவ்வுலகில் மாந்தர் இல்லை. ஒருவரையொருவர் சுட்டு, கடைசியில் எஞ்சிய இருவரும் தம்முள் சுட்டு மாய்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற இரும்புத் தலைக்கவசங்களே இப்போது அணில்களுக்கு வீடுகள். இப்படம் வெளிவந்தது 1939 திசம்பரில். ஐரோப்பாவில் இரண்டாம் உலகப்போர் மூண்டது அவ்வாண்டுச் செப்தம்பரில்! அக்காலத்தார் இதன் ஆழத்தை உணர்ந்தே ஆசுக்கர் பரிசுக்கு முன்மொழிந்தனர். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1955-இல், அன்னாவும் பார்பெராவும் இதனையே மீண்டும் எடுத்தனர். அதற்குள் அணுக்குண்டு வந்துவிட்டபடியால், அழிவின் கருவியும் மாறிற்று. 1939 என்னும் எண்ணும் 1955 என்னும் எண்ணும் இல்லாமல் இவ்விரண்டையும் காண்பவன் எதைக் கண்டான்? பொம்மைகளுக்கும் மான்வண்டிக்கும் இடையே இதனைச் செருகி, ஆண்டின்றி விற்பார்களாயின், ஒரு கதறலைத் தாலாட்டாக்கி விற்கின்றார்கள்.

இனி, வெட்டுக்கு வருவோம். 1932-இல் திசுனி நிறுவனம் ஆக்கிய 'சாந்தாவின் பட்டறை', மூவண்ண முறையில் எடுக்கப்பட்ட தொடக்கப் படங்களுள் ஒன்று. வண்ணமும் வனப்பும் குறைவற்றது. அதில் கிழவர் பொம்மைகளை ஒவ்வொன்றாக ஆய்ந்து, சரியென்று முத்திரையிடுகின்றார். வெள்ளைப் பொம்மைக்குப் பின் ஒரு கருப்புப் பொம்மை வருகின்றது. அக்காலத்து அமெரிக்க மேடைகளில் கருப்பின மக்களை இழித்துக் காட்டிய அதே கோலம், அதே கூவல். நகைப்புக்கென்று தன் பின்புறத்தில் தானே முத்திரை குத்திக்கொள்கின்றது. பின்னாள் வெளியீடுகளில் இக்காட்சி வெட்டப்பட்டது.

வெட்டியது தவறா? குழந்தைகள் முன் அவ்விழிவைப் பரப்பாமல் தடுப்பது நன்றேயன்றோ என்று கேட்பாருண்டு. கேள்வி பொருளற்றதன்று. ஒரு கருப்பினத் தாய் தன் மகனை மடியிலிருத்திக் கிறித்துமசு இரவில் அக்காட்சியைக் காண நேர்வது கொடுமை. வெட்டுக, ஆனால் வெட்டியதைச் சொல்லுக! பொதுமக்களுக்கென்று விற்ற பேழைகளில் வெட்டும் இருந்தது, வாய்மூடலும் இருந்தது. இழிவைச் செய்தவனே அதன் சான்றையும் அழித்து, 'எம் படங்கள் என்றும் தூயவை' என்னும் தோற்றத்தையும் விற்றுக் காசாக்குகின்றான். இழிவுற்றவர்க்கு இதனால் விளைந்த நன்மை என்ன? அவர்தம் பாட்டன்மாரைப் பார்த்து ஊரே சிரித்தது என்பதற்கிருந்த சான்று ஒன்று குறைந்தது, அவ்வளவே.

ஏடு பதிப்பித்தோர் இதனை அறிவர். 1894-இல் புறநானூற்றை அச்சேற்றிய உ.வே.சா., செல்லரித்துச் சிதைந்த அடிகளில் தாமாக ஒரு சொல்லையும் இட்டு நிரப்பவில்லை. இல்லாத இடத்தை இல்லையென்றே புள்ளியிட்டுக் காட்டினார். புள்ளியிட அச்சகத்தார்க்கு எவ்வளவு செலவாயிருக்கும்?

அமெரிக்கரிலும் இதனை உணர்ந்தோர் இல்லாமலில்லை. வார்னர் நிறுவனம் 2005-இல் தன் பழம்படங்களின் மூன்றாம் பொன்தொகுப்பை ஒளிவட்டுகளாக வெளியிட்டபோது, ஊப்பி கோல்டுபெர்க்கு என்னும் கருப்பின நடிகையை முன்னுரை கூறச் செய்தது. இப்படங்களுள் சிலவற்றில் இழிவு உண்டு, அது அன்றும் தவறு, இன்றும் தவறு, அதனை மறைப்பது அத்தகையதொன்று நிகழவேயில்லை என்பதற்கு ஒப்பு என்பது அதன் கருத்து. ஆனால் அது திரட்டுவோர்க்கென்று செய்த தொகுப்பு. பண்டிகைக்குப் பரிசாக அள்ளிச் செல்லும் மலிவுப் பேழைக்கு இம்முறைமை எட்டவில்லை.

மலிவுப் பேழைகளின் கதை வேறு. அமெரிக்கப் பழஞ்சட்டப்படி, படைப்புரிமை இருபத்தெட்டு ஆண்டுகளுக்குரியது. புதுப்பிக்காவிடில் உரிமை போய்விடும். அவ்வாறு உரிமையிழந்த படங்களை எவரும் எடுத்து விற்கலாம், விற்றனர். மாக்சு பிளைசரின் நிறுவனம் 1936-இல் ஆக்கிய ஏதிலிக் குழந்தைகளின் கிறித்துமசுப் படம் அவற்றுள் ஒன்று. உடைந்த பொம்மைகளோடு அழும் குழந்தைகளுக்குக் கிழவர் ஒருவர் அடுக்களைத் தட்டுமுட்டுகளைக்கொண்டே விளையாட்டுப் பொருள் செய்து தருகின்றார். அது பொருளியல் வீழ்ச்சிக்காலத்துப் படம் என்பதை அறிந்தால்தான் அத்தட்டுமுட்டுகளுக்குப் பொருளுண்டு. இந்நிறுவனத்தின் படங்கள் 1950-களில் தொலைக்காட்சிக்கென்று கைமாறியபோது, முகப்பிலிருந்த பாரமவுண்டு பெயர் நீக்கப்பட்டது. மலிவுப் பேழைகளில் நிறைந்தவை அத்தகைய படிகளே. நிறம் வெளிறி, முகப்புச் சிதைந்து.

செம்மூக்கு மான் உருடால்பின் செய்தி இன்னும் வேடிக்கையானது. அதனைத் தொன்றுதொட்ட நாட்டுக்கதை என்றே பலர் நம்புகின்றனர். சிக்காகோவின் மாண்ட்கோமரி வார்டு என்னும் பெருங்கடை, வாங்க வரும் குழந்தைகளுக்கு இலவசமாகத் தரவென்று 1939-இல் தன் பணியாளர் இராபர்ட்டு மே-யைக்கொண்டு எழுதுவித்த கதை அது. முதலாண்டில் மட்டும் ஏறத்தாழ 24 நூறாயிரம் படிகள்! 1948-இல் அக்கடைக்காகவே மாக்சு பிளைசர் அதனைக் குறும்படமாக்கினார். 1949-இல் பாட்டுப் புகழ்பெற்றபின், 1951-இல் பாட்டையும் சேர்த்துப் படம் மீண்டும் வந்தது. விளம்பரம் கதையாகி, கதை மரபாகி, இன்று மலிவுத் தொகுப்பு பலவற்றிலும் அது உள்ளது. கடைக்காரன் எழுதுவித்தது என்னும் ஒரு வரியை எவ்வுறையில் காண்பது?

நாடாப் பேழையின் காலம் முடிந்தது. அதனை ஓட்டும் கருவியைக் கடைசிவரை செய்துவந்த சப்பானிய நிறுவனமும் 2016-இல் நிறுத்திவிட்டது. திசுனி தன் இணையத் தளத்தில் பழைய படங்கள் சிலவற்றின் முன், 2020 அக்தோபர் முதல், இழிவான சித்திரிப்புகள் உண்டென ஒப்பும் அறிவிப்பைச் சற்று விரிவாகக் காட்டத் தொடங்கியது. நன்று, காலந்தாழ்ந்தாயினும் நன்று. ஆயினும் விற்றுத் தீர்த்த பேழைகளுக்கு அவ்வறிவிப்பு எங்ஙனம் சென்று சேரும்? 1982-இல் அதனைக் கண்டு களித்த குழந்தை இன்று நாற்பதைக் கடந்து தன் மக்களுக்குப் பனிக்காலப் படம் தேடித் தருகின்றான். தான் கண்டவற்றுள் எது முழுப்படம், எது வெட்டுண்ட படம் என்று அவனுக்கு விற்றவர் எவரும் இன்றுவரை சொல்லவில்லை.