பாசிக்கு மருந்து எது?

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

நீச்சல்குளம் என்றால் நகரத்து நண்பர்கள் நீல ஓடு பதித்த தரையையும் படிக்கட்டையும் நினைத்துக் கொள்வார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த நமக்கு அது பம்புசெட்டுத் தொட்டிதான். மோட்டார்க் குழாயிலிருந்து விழும் தண்ணீரை வாய்க்காலுக்கு அனுப்பத் தரைக்கு மேல் கட்டிய அந்தச் சிமெண்டுத் தொட்டி, சித்திரை வந்துவிட்டால் ஊர்ப்பிள்ளைகளின் உடைமையாகிவிடுகிறது. கிணற்றில் குதிக்கும் வயது வராதவர்களுக்கு அதுவே நீச்சல் பள்ளி. இன்று சில வீடுகளின் மொட்டை மாடியில் பிள்ளைகளுக்கென்று பிளாஸ்டிக் தொட்டிகளும் வந்துவிட்டன. எதுவாயினும், நாலு நாள் தண்ணீர் மாறாமல் வெயில் காய்ந்தால் நீர் பச்சையாகிறது, சுவர் வழுக்குகிறது. உடனே எழும் கேள்வி: இதற்கு என்ன மருந்து?

நம் பகுதியில் இதற்கு ஒரு விடை தயாராக இருக்கிறது. ஒரு கைப்பிடி மயில்துத்தம்! திராட்சைத் தோட்டம் உள்ள வீட்டில் மயில்துத்தம் இல்லாமல் இராது. அடிச்சாம்பல் நோய்க்காக நாம் தெளிக்கும் போர்டோக் கலவையின் உயிர் அதுதான். பிரான்சு நாட்டின் போர்டோ நகரில் மில்லார்டே என்னும் தாவரவியலார் 1885-இல் உலகுக்கு அறிவித்த அக்கலவை இன்றும் நம் பன்னீர்த் திராட்சைக்குத் துணை நிற்கிறது. பாசியையும் அதே பொருள் கொல்லும் என்பதை அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த மூர், கெல்லர்மன் என்னும் இருவர் 1904-இல் எடுத்துக்காட்டினர். ஆகவே நம் உழவர்களின் கைப்பழக்கம் அறிவியலுக்குப் புறம்பானதன்று. அளவுதான் புறம்பானது.

கணக்குப் போட்டுப் பார்ப்போமே. எட்டடி நீளம், ஆறடி அகலம், மூன்றடி ஆழமுள்ள தொட்டி ஏறக்குறைய 4,000 லிட்டர் கொள்ளும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் மயில்துத்தம் போட வேண்டுமென்றால் தேவைப்படுவது நான்கே கிராம். ஒரு கைப்பிடியோ ஐம்பது கிராமுக்குக் குறையாது. மயில்துத்தத்தில் கால்பங்கு செம்பு; எனவே கைப்பிடி போட்ட தொட்டியில் லிட்டருக்கு மூன்று மில்லிகிராமுக்கு மேல் செம்பு சேர்கிறது. குடிநீரில் இரண்டு மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குளிக்கிற பிள்ளை அந்த நீரைக் குடிக்காமலா இருக்கும்? மேய்ச்சலுக்கு வந்த செம்மறியாடும் அங்கேதான் வாய் வைக்கிறது. செம்மறியின் உடல் செம்பைத் தாங்காது. போதாக்குறைக்கு ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரில் செம்பில் ஒரு பகுதி கார்பனேட்டாக அடியில் படிந்துவிடும். பாசி சாகவில்லையே என்று இன்னொரு கைப்பிடி விழும். செம்பு ஒரு தனிமம். அது மட்கிப் போவதில்லை. வாய்க்கால் வழியே வாழைக்குப் போய் மண்ணில் தங்கும்.

இதைவிட அஞ்சத்தக்கது ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பாம் தீவு என்றொரு தீவு இருக்கிறது. பழங்குடி மக்கள் வாழும் ஊர். 1979-இல் அங்குள்ள குடிநீர் அணையில் பாசி பெருகி நீர் நாறியது. அதிகாரிகள் மயில்துத்தம் போட்டார்கள்; பாசி செத்தது. சில நாட்களில் 148 பேர் கல்லீரல் வீங்கி நோயுற்றனர். அவர்களில் 138 பேர் குழந்தைகள். அந்த நீலப்பச்சைப் பாசியின் செல்கள் உடைந்தபோது உள்ளே அடங்கியிருந்த நஞ்சு நீரில் கலந்துவிட்டது என்று பின்னாளில் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நம் தொட்டியில் உள்ளது எந்தப் பாசி என்று நுண்ணோக்கியில் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. பாசியைக் கொன்று, அதன் பிணம் கரைந்த நீரிலேயே பிள்ளைகளை இறக்குவது என்ன நியாயம்?

“ஏப்பா, காலேசுல படிக்கிறியே, இந்தப் பாசிக்கு என்ன மருந்துன்னு அங்க சொல்லித் தரலையா?” என்று என் பெரியப்பா கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். “விளக்குமாறு, பெரியப்பா” என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. இதற்கா இத்தனை படிப்பு என்று அவர் நினைத்திருந்தாலும் நான் வியப்படைய மாட்டேன். வேதியியல் மாணவனே வேதிப்பொருளுக்கு எதிராக எழுதுவது வேடிக்கைதான். ஆனால் வேதியியல்தான் எனக்கு அவ்விடையைத் தந்தது.

பாசிக்கு வேண்டியவை வெயிலும் உணவும். யூரியா கரைத்த வாளியைத் தொட்டியில் அலசுகிறோம்; அது தழைச்சத்து. தென்னையிலிருந்தும் புளியிலிருந்தும் சருகு விழுந்து ஊறுகிறது, அதுவும் உணவு. இவற்றை நீக்காமல் எதைக் கொட்டினாலும் பாசி மறுவாரம் திரும்பும். பிளீச்சிங் பவுடர் நல்லதுதான். ஆனால் பச்சை நீரில் அது தோற்றுப்போகும். பகலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்சுவதால் நீரின் காரத்தன்மை ஏறுகிறது. பி.எச். 7.5-இல் குளோரினில் பாதி வீரியமுள்ள ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும், 8.5-இல் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதையும் வெயில் தின்றுவிடும்.

ஆகவே வாரம் ஒருமுறை தொட்டியைத் திறந்துவிட்டு, சுவரையும் தரையையும் தேய்த்துக் கழுவி, ஒருநாள் வெயிலில் காயவிட வேண்டும். ஆண்டுக்கொருமுறை சுண்ணாம்பு அடிக்கலாம். வெள்ளைச் சுவரில் கொசுப்புழுவும் கண்ணுக்குத் தெரியும். புதுநீர் நிரப்பிய பிறகு, சூரியன் சாய்ந்த நேரத்தில், 4,000 லிட்டருக்கு 25 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்துத் தெளியவைத்து ஊற்றினால் போதும். யூரியா கரைத்த வாளியில் மட்டும் அதைக் கரைக்கக் கூடாது. நச்சு வாயு எழும்.

தண்ணீர் வீணாகாதா என்பார்கள். தோட்டத்தில் திறந்துவிட்ட நீர் வாழைக்குத்தானே போகிறது? மாடித் தொட்டிக்காரர்களுக்குத்தான் அக்கேள்வி பொருந்தும். அவர்கள் குளித்து முடித்ததும் செடிகளுக்கு ஊற்றிவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்து வைக்கலாம்.

வழுவழுப்பைத் தேய்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மலைக்கு அப்பால் கேரளத்தில் 2024-இல் குளத்தில் குளித்த குழந்தைகள் மூளையைத் தாக்கும் அமீபாவுக்குப் பலியாயினர். பாசி அந்த அமீபாவைப் பிறப்பிப்பதில்லை. ஆனால் வெதுவெதுப்பான தேங்கிய நீரில், சுவரில் படியும் படலத்திலுள்ள பாக்டீரியாக்களைத் தின்று அது வாழ்கிறது. குதிக்கும்போது மூக்கினுள் ஏறும் நீர்தான் அதற்கு வழி.

நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் கோயிலுக்கு வெள்ளையடிக்கிறோம். சாலையோரம் முள்செடி வெட்டுகிறோம். அடுத்த முகாமில் அவ்வூரின் பம்புசெட்டுத் தொட்டிகளைத் தேய்க்கும் வேலையையும் சேர்க்கலாம் என்பது என் கருத்து. வீட்டில் இவ்வேலை பெரும்பாலும் தாய்மார் தலையில்தான் விழுகிறது. நாம் தேய்த்தால் ஊர் இளைஞரும் கை கொடுப்பார்கள். பேராசிரியர்கள் இசைந்தால், தேய்ப்பதற்கு முன் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒரு சீசா நீர் எடுத்து வந்து தாவரவியல் துறையின் நுண்ணோக்கியில் பார்க்கலாம். சீசாக்களை வேதியியல் மாணவர்கள் நாங்கள் கழுவித் தருகிறோம்.